தாயைக் காட்டாத வியாபாரம்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆந் திகதி, உக்ரேன் நாட்டின் தலைநகராகிய கீவிலிருந்து புறப்பட்ட விமானமொன்று கனடாவின் ரொறன்ரோ நகரில் வந்திறங்கிற்று. அதன் சரக்கறையிலே ஏறத்தாழ ஐந்நூறு நாய்க்குட்டிகள் கூடுகளில் அடைபட்டிருந்தன. அவற்றுள் 38 குட்டிகள் பிணமாகவே வந்து சேர்ந்தன. எஞ்சியவற்றுட் பல உடலில் நீர் வற்றி, வாந்தியெடுத்து, வலுவிழந்து கிடந்தன என அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தார்கள். பிரெஞ்சு புல்டோக் என்னும் இனத்துக் குட்டிகள் அவை. கனடாவில் அவ்வினத்துக் குட்டியொன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோவது. ஆண்டுகள் சில கழிந்துவிட்டன, செய்தியும் பழையதாகிவிட்டது. அந்த விமானத்தை நிரப்பிய வியாபாரமோ பழையதாகிவிடவில்லை.

நாட்டில் எழுதுவதற்கு எத்தனையோ காரியங்கள் குவிந்து கிடக்க, நாய்க்குட்டிக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அந்த விமானம் இறங்கிய நகரம் நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் நகரம் என்பதை முதலில் நினைவூட்டுகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் உழைத்த பணமும் இவ்வியாபாரத்தின் பெட்டியிலே போய் விழுகின்றது. எமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் அங்கே கணக்காளராகத் தொழில் பார்க்கிறார். பேரேட்டில் ஒரு சதம் பிழைத்தாலும் இரவிரவாக இருந்து தேடிக் கண்டுபிடிக்கும் மனிதர். அவர் 2021ஆம் ஆண்டில், பத்து வயது மகளின் ஓயாத கெஞ்சலுக்கு இணங்கி, இணையத்தில் வந்த விளம்பரமொன்றைப் பார்த்து மூவாயிரம் டொலருக்கு ஒரு குட்டி வாங்கினார். விற்றவன் தன் வீட்டுக்கு அழைக்கவில்லை. கடையொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கைமாற்றினான். நான்கு தலைமுறைப் பெயர்கள் பொறித்த, முத்திரையிட்ட வமிசப் பத்திரமொன்றையும் கொடுத்தான். தாய்நாய் எங்கே என்று கேட்டபோது, அது தமக்கையின் பண்ணையில் நிற்கிறது என்றான். ஒன்பதாம் நாள் அக்குட்டி இரத்தமாகக் கழிந்து செத்தது. பார்வோ என்னும் கிருமி நோய் என்றார் மிருக வைத்தியர். விற்றவனுடைய தொலைபேசி இலக்கம் அதற்கு முன்பே செத்துவிட்டது.

அவருடைய தகப்பனார் இங்கே வடமராட்சியில் கமஞ் செய்பவர். ஒரு பசு வாங்குவதென்றால் விற்பவன் வீட்டுக்கு மூன்று நாள் நடப்பார், கறவை நேரத்தில் தொழுவத்தில் நின்று பார்ப்பார், மடியைத் தடவுவார், தாய்ப்பசு உயிரோடிருந்தால் அதையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்கமாட்டார். மகன் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி முடித்தபோது கிழவர் கேட்டது ஒரே கேள்வி: “தாயைப் பார்க்கவில்லையோ, தம்பி?”

உலகத்துப் பாராளுமன்றங்கள் பல ஆண்டுகளாகச் சட்டத்துக்குமேற் சட்டம் இயற்றித் தேடிக்கொண்டிருப்பதும் இந்தக் கேள்விக்கான விடையையே என்றால் மிகையன்று.

வமிசப் பத்திரம் என்பது என்ன? 1873இல் இலண்டனில் நாய் வளர்ப்போர் கழகமொன்று தோன்றி, இன்ன நாய் இன்ன நாய்க்குப் பிறந்தது என்று பதிவேடு எழுதத் தொடங்கிற்று. அமெரிக்காவில் 1884இலும், ஐரோப்பியக் கண்டத்து நாடுகளின் கூட்டமைப்பாக 1911இலும் இத்தகைய அமைப்புக்கள் எழுந்தன. நேர்மையாக எழுதப்பட்ட பதிவேடு பயனுள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. நெல்வித்துக்கும் கறவை மாட்டுக்கும் பூர்வீகம் தெரிந்திருப்பது எவ்வளவு நன்றென்பதை நம் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அப்பத்திரம் சொல்வது முன்னோரின் பெயரை மட்டுமே. பெற்ற தாய் எப்படிப்பட்ட இடத்தில் கிடந்தது, எத்தனை முறை ஈன்றது, அதற்குத் தடுப்பூசி போடப்பட்டதா, குட்டி தாயிடம் எத்தனை வாரம் பாலுண்டது என்பவற்றில் ஒன்றையேனும் அது சொல்லாது. பெயர் சொல்லும் பத்திரத்தை நலம் சொல்லும் பத்திரமென்று மயங்கியே மூவாயிரம் டொலர் கொடுக்கப்படுகின்றது.

இடையில் ஒரு கிளைப்பேச்சு. இவ்வகை நாயை நம்மூரில் ‘சாதி நாய்’ என்கிறோம். தெருவிலே திரிவதை ஆங்கிலேயன் ‘பறையா’ நாய் என்று எழுதினான். தமிழ் நிலத்தில் ஒரு மக்கட் கூட்டத்தாரின் பெயரைப் பிடுங்கி நாய்க்குச் சூட்டி உலகெங்கும் பரப்பினான். பிறப்பைக் கொண்டு பெறுமதி சொல்லலாகாதென்று மேடைதோறும் முழங்கும் நாம், முற்றத்திலே கட்டும் நாயின் பிறப்பைச் சொல்லி அயலவனிடம் பெருமையடிப்பது வேடிக்கையே. நிற்க.

பார்வோ நோய் ஏன் வந்ததென்பதை விளக்கினால் இவ்வியாபாரத்தின் முழுத் தன்மையும் விளங்கிவிடும். பிறந்த குட்டிக்கு முதற்பாலிலே, நாம் கடும்பு என்று சொல்லும் பாலிலே, தாயிடமிருந்து நோயெதிர்ப்பு வருகின்றது. தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அது நிறைய வரும். போடாதிருந்தால் பெரும்பாலும் வராது. வந்த எதிர்ப்பும் சில வாரங்களிற் குறைந்து போகும். அது முற்றாகக் குறையும்வரை குட்டிக்குப் போடும் ஊசி சரிவரப் பிடிக்காது. தாய் தந்தது தேய்ந்து, ஊசி தருவது இன்னும் ஊறாத அந்த இடைவெளியிலேதான் நோய் புகுகின்றது. வியாபாரி குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வேறு பல இடத்துக் குட்டிகளோடு ஒரே வண்டியில் ஏற்றி, ஆயிரம் மைல் ஓட்டுவதும் அதே வாரங்களில்தான். ஏன் அந்த வாரங்கள்? எட்டு வாரக் குட்டி பஞ்சுப்பொதிபோல் இருக்கும்; விலை ஏறும். நாலு மாதம் சென்றால் கால் நீண்டு, காது தூக்கி, அழகு குன்றும்; விலை இறங்கும்.

இனி விசர்நாய் நோய். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் இந்நோயால் மடிகிறார்கள் என உலக சுகாதார தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லா மரணங்களும் நாயினாலேயே நேர்கின்றன. ஆகவே நாய் எல்லை கடக்குமுன் விசர்த் தடுப்பூசி வேண்டும் என்பது பல நாட்டு விதி. முன்னே சொன்ன காரணத்தால், பன்னிரண்டு வாரம் நிரம்புமுன் அவ்வூசியைப் போடுவதில்லை. போட்டபின் எதிர்ப்பு ஊற மூன்று வாரம் விடவேண்டும். பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் பிரித்தானியாவிலும் வெளிநாட்டுக் குட்டியின் ஆகக் குறைந்த வயது பதினைந்து வாரம் என்று அமைந்தது இப்படித்தான்.

சந்தை கேட்பது எட்டு வாரம். சட்டம் கேட்பது பதினைந்து வாரம். நடுவிலுள்ள ஏழு வாரத்திலேதான் பொய் குடியிருக்கிறது. பிறந்த திகதியை ஏழு வாரம் முன்னுக்குத் தள்ளி எழுதிவிட்டால் கதை முடிந்தது. துறைமுகத்திலே நள்ளிரவில் வண்டியைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரி ஒன்பது வாரக் குட்டியையும் பதினைந்து வாரக் குட்டியையும் எதைக்கொண்டு பிரித்தறிவார்? மாட்டின் வாயைப் பிடித்துத் திறந்து, இரு பல்லா நாற்பல்லா என்று பார்த்து வயது சொல்பவர் நம் கமக்காரர். நாயிலும் அதுதான் வழி. எட்டு வாரத்துக்குள் பாற்பற்கள் முளைத்துவிடும். பதினைந்து வாரத்தில் அவை விழத் தொடங்கியும் இருக்கலாம், தொடங்காமலும் இருக்கலாம்; ஆகவே கள்ளன் வாதாட இடமுண்டு. ஆறு மாதத்திலோ முன்வாயிலே நிலைப்பற்கள் முளைத்து நிற்கும். அதைப் பத்திரத்தால் மறைக்க முடியாது.

எல்லை கடக்கும் குட்டிக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியை நாம் ஆதரிப்பது முதன்மையாக இக்காரணம் பற்றியே. தாளை நம்பாது வாயைப் பார்த்து நிறைவேற்றக்கூடிய விதி அது. அமெரிக்கா 2008இல் இதனைச் சட்டமாக்கி, விற்பனைக்கென வரும் குட்டிகளின்மேல் 2014இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நாய் வளர்க்கும் ஆசை பெருகிக் கள்ளப் பத்திரங்களும் பெருகின. 2021 ஜூனில் அசர்பைஜான் நாட்டிலிருந்து சிக்காகோவுக்கு வந்த 33 நாய்களில் ஒன்று விசர் நோயுடன் வந்து பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்துவிட்டது. 2007இலேயே நாயினத்து விசர் ஒழிந்துவிட்டதென்று அறிவித்த நாடு அது! அடுத்த மாதமே, நோய் மலிந்த நாடுகளிலிருந்து நாய் வருவதை அந்நாடு இடைநிறுத்திற்று. 2024 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம், விற்பனைக்காயினும் வளர்ப்புக்காயினும், ஆறு மாதம் நிரம்பாத எந்த நாயும் அங்கே நுழைய முடியாதென விதி வந்தது. பிரித்தானியப் பொதுமக்கள் சபையும் 2025 ஜூலையில் இதே வயதுக்கு வழிசெய்யும் சட்டமூலமொன்றை நிறைவேற்றியது. நாற்பத்திரண்டு நாளுக்குமேற் சினையான பெண்நாயைக் கொண்டுவருவதையும் அது தடுக்க முனைகிறது. சினைநாய் எதற்கென்று சிலர் வியக்கலாம். அறுபத்து மூன்று நாளில் ஈனும் பிராணி. ஈனுந் தறுவாயில் எல்லை கடத்திவிட்டால் குட்டிகள் உள்நாட்டிற் பிறந்தவையாகிவிடும் அல்லவா? வியாபாரிகளின் சூழ்ச்சி எத்தகையது பாருங்கள்!

இவ்விதிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நாம் அறியாமலில்லை. கள்ள வியாபாரிகளின் வாதத்தை விட்டுவிடுவோம். வீட்டிலே இரண்டு மூன்று நாய் வைத்து, ஈன்ற ஒவ்வொரு குட்டியையும் பிள்ளைபோல் வளர்க்கும் நேர்மையாளர்களும் உளர். அவர்கள் சொல்வது இது: குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை கண்டு பழகும் மனிதரையும் ஓசைகளையுமே பின்னர் அஞ்சாமல் ஏற்கும், அந்த வயதிற் புது வீடு சேர்வதே நன்று, ஆறு மாதம் தடுத்து வைத்தால் அது கூட்டிலே வளர்ந்து மனிதரைக் கண்டு நடுங்கும் நாயாகிவிடும். இது வெறும் பேச்சன்று. ஸ்கொற், புல்லர் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலிலே இவ்வுண்மை நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

உண்மைதான். ஆனால் பழக வேண்டிய காலத்தில் குட்டியை யார் பழக்குவது என்பதே கேள்வி. நேர்மையான வளர்ப்பாளர் அதைத் தம் வீட்டிலேயே, தம் பிள்ளைகளுக்கு நடுவே பழக்கலாம். அதற்குச் செலவுண்டு, நாலு மாதத் தீனி உண்டு, உழைப்பு உண்டு. அச்செலவை விலையிற் சேர்த்துக்கொள்ளட்டும். கடல் கடந்து நாய் வாங்க வசதி படைத்தவருக்கு அது பெரிதன்று. நாற்பது பெண்நாய்களைக் கொட்டிலில் அடைத்து ஈனவைப்பவனுக்குத்தான் ஆறு மாதத் தீனி இலாபத்தை விழுங்கிவிடும். விதியின் பாரம் அவன் தலையிலே விழுவதையிட்டு எமக்குத் துக்கமில்லை.

புதிய இரத்தம் வேண்டுமே என்பது இரண்டாவது வாதம். இதிலும் பொருளுண்டு. பசென்ஜி என்னும் ஆபிரிக்க வேட்டை நாய் அமெரிக்காவில் ஒருசில முன்னோரிலிருந்தே பெருகியபடியால் சிறுநீரக நோய் அதனுட் பரவிற்று. கொங்கோ நாட்டுக் காடுகளுக்கே சென்று புதிய நாய்களைக் கொண்டுவந்து 1990இல் பதிவேட்டைத் திறந்துவிட நேர்ந்தது. நாய் எல்லை கடந்ததால் அவ்வினம் பிழைத்தது. அதற்கு எட்டு வாரக் குட்டிதான் வரவேண்டுமென்பதில்லையே! வளர்ந்த நாய் வரலாம். அதுவும் வேண்டாமென்றால் உறைநிலையில் வைத்த விந்து வரலாம். நாயில் இது 1969 முதல் கைகூடிய காரியம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலை நம் மாட்டுப்பட்டிகளிலே நித்தமும் காண்கிற கமக்காரருக்கு இதில் அதிசயம் இராது.

பிரெஞ்சு புல்டோக் போன்ற தட்டைமூக்கு நாய்களைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை. இளைத்து இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. மூக்கையும் தொண்டையையும் அழகுக்காகக் குறுக்கிவிட்ட இனம் எப்படி இளைக்கும்? 2005 மே மாதம் தொடக்கம் ஐந்தாண்டுகளில் அமெரிக்க விமானங்களில் மாண்ட 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி இத்தகைய குறுமுக நாய்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் 2010இல் கணக்குக் காட்டிற்று. ஆங்கில புல்டோக் மாத்திரம் 25. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுப் பதிவில் அமெரிக்காவிலே முதலிடம் பெற்ற இனம் பிரெஞ்சு புல்டோக். முப்பத்தொரு ஆண்டு முதலிடத்திலிருந்த லாப்ரடோரைப் பின்தள்ளி அது ஏறிற்று. மூச்சுத் திணறலுக்கு இத்தனை மவுசு!

வயது விதி ஒன்றே போதுமென்று நாம் சொல்லவரவில்லை. ஐரோப்பாவில் ஓராண்டு நாய், பூனை வியாபாரம் 130 கோடி யூரோ பெறுமதியானது. வாங்குவோரில் நூற்றுக்கு அறுபதின்மர் இணையத்தின் வழியே வாங்குகிறார்கள் என்று ஐரோப்பிய ஆணைக்குழுவே கூறியிருக்கிறது. சொந்த நாயென்று சொல்லி ஆளுக்கு ஐந்து கொண்டுசெல்லலாம் என்ற சலுகையைப் பயன்படுத்தி, வண்டியில் மூன்று பேரை ஏற்றிப் பதினைந்து குட்டி கடத்தியவர்களும் உளர். நெல்மணியளவான மைக்றோசிப் ஒன்றைக் குட்டியின் தோலுக்கடியில் வைத்து, பதினைந்து இலக்க எண்ணால் அடையாளமிடுவது பல நாடுகளில் வழக்கம். ஆனால் ஒரு நாட்டுப் பதிவேடு இன்னொரு நாட்டுப் பதிவேட்டோடு பேசாதிருக்குமளவும் அந்த எண்ணால் ஆவது சொற்பமே. நாடுகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டுமென்று ஆணைக்குழு 2023 டிசம்பரில் முன்வைத்த பிரேரணையை நாம் வரவேற்றது அதனாலேயே. எண்ணோடு ஈன்ற தாயின் எண்ணும் விற்றவன் பெயரும் ஒட்டிக்கொண்டு போகவேண்டும்.

இங்கிலாந்திலே 2020 ஏப்ரல் 6ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்றை மக்கள் ‘லூசி சட்டம்’ என்பார்கள். லூசி ஒரு பெண்நாய். வேல்ஸ் நாட்டுக் குட்டிப்பண்ணை ஒன்றிலே ஓயாது ஈனவைக்கப்பட்டு, முள்ளந்தண்டு வளைந்து, இடுப்பு இறுகிப்போன நிலையில் 2013இல் மீட்கப்பட்டது, 2016இல் இறந்தது. அதன் பெயரால் வந்த சட்டம் இடைத்தரகன் குட்டி விற்பதைத் தடுத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை வளர்த்தவனிடமே, பிறந்த இடத்திலே, தாயோடு கண்டு வாங்க வேண்டும் என்றது. வடமராட்சிக் கிழவர் கேட்ட கேள்வி அங்கே சட்டமாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். விசர் நோய் இன்னும் ஒழியாத நாடு இலங்கை. அமெரிக்காவும் கனடாவும் நோயபாயம் மிக்க நாடுகளென வகுத்த பட்டியல்களிலே உக்ரேனும் உண்டு, நாமும் உண்டு. 2022 செப்டெம்பர் 28 முதல் அத்தகைய நாடுகளிலிருந்து வியாபார நோக்கில் நாய்கள் வருவதைக் கனடா தடுத்துவிட்டது. இதை அவமதிப்பென்று கொள்ளாமல், தெருநாய்க்குத் தடுப்பூசி போடும் வேலையை முடிப்பதே நாம் செய்யத்தக்கது. மறுபுறத்தில், பனிநாட்டு ஹஸ்கியைக் கொழும்பு வெயிலிலே சங்கிலியிற் கட்டி வைத்து அழகு பார்க்கும் வழக்கமும் இங்கே புகுந்துவிட்டது. இந்தியா 2016இல் வியாபார இனப்பெருக்கத்துக்காக நாய் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று வெயிலுக்கேற்ற வேட்டை நாய்களை வைத்துக்கொண்டு பனிநாட்டு நாய்க்கு ஏன் அலைய வேண்டும் என்று அக்கரைத் தமிழர் கேட்பது நியாயமே.

வெளிநாட்டிலுள்ள நம் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாயைக் காட்டாதவனிடம், அவன் எத்தனை தலைமுறைப் பத்திரம் நீட்டினாலும், குட்டி வாங்காதீர்கள். காத்திருக்கச் சொல்லும் வளர்ப்பாளரே பெரும்பாலும் நல்லவர். நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்பவனிடம் ஐயுறவு கொள்ளுங்கள். எமது கணக்காளர் இப்போது வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திலுள்ள ஒருவரிடம் பெயர் பதிந்து வைத்திருக்கிறார். தாய்நாயை மகளும் அவரும் நேரிற் போய்ப் பார்த்துவிட்டார்கள். அது இன்னும் சினைப்படவில்லையாம்.

கொழும்பிலுள்ள அரசாங்கத்தாருக்கும் ஒரு சொல். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியோடு இறங்கும் நாய்க்கு எத்தனை மாதம் என்பதைத் தாளிற் பாராமல் வாயிற் பார்க்க உத்தரவிடுங்கள். உள்நாட்டிலே குட்டி விற்பவன் தாயைக் காட்டவேண்டுமென்று விதியுங்கள். வெள்ளையன் 1907இல் இயற்றிய மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமைக்கு விதித்த ஆகக்கூடிய குற்றப்பணம் நூறு ரூபா. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்த நகல் பல ஆண்டு தூசி படிந்து கிடந்தது. ‘சாதி நாய்’ ஒன்றின் ஒருநாட் தீனிக்கும் அந்த நூறு ரூபா இன்று போதாது.